பெனால்டி கிடைத்த அணி ஏன் தோற்றது? 1966 வெம்ப்லி இறுதிப்போட்டியும் ரக்பி லீக் விதிகளும்

ரக்பி லீக்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கும் அணி திடீரென்று பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுகிறதே, ஏன்? இரண்டு, தற்காப்பு அணி விதியை மீறும்போது நடுவர் சில சமயம் விசில் ஊதி முழுப் பெனால்டி கொடுக்கிறார். சில சமயம் ஆட்டத்தை நிறுத்தாமல் கையை உயர்த்திச் சைகை காட்டி, "மறுபடியும் ஆறு" என்று, பந்து வைத்திருக்கும் அணியை எத்தனை முறை மடக்கிப் பிடித்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரே தவறுக்கு ஏன் இருவேறு தண்டனை?

இரண்டுக்கும் பதில் தேடினால் 1966 மே 21 அன்று லண்டன் வெம்ப்லி மைதானத்தில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டியில் போய் நிற்போம். செயின்ட் ஹெலன்ஸ், விகன் என்ற இரண்டு பக்கத்து ஊர் அணிகள் மோதின. அரங்கில் 98,536 பேர். செயின்ட் ஹெலன்ஸ் 21–2 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் விதியை வேண்டுமென்றே மீறி, பெனால்டிகளை அள்ளிக் கொடுத்த அணியும் செயின்ட் ஹெலன்ஸ்தான். தண்டனை வாங்கியவர்கள் ஜெயித்தார்கள். தண்டனையின் பலனைப் பெற்றவர்கள் தோற்றார்கள். இது எப்படி நடந்தது என்பதற்கு நடுவரின் நேர்மையையோ அதிர்ஷ்டத்தையோ இழுக்க வேண்டியதில்லை. பெனால்டிக்குப் பிறகு ஆட்டம் எப்படித் தொடங்கும் என்ற ஒரு விதியே போதும்.

தேவையான அளவுக்கு அடிப்படை

ரக்பியில் இரண்டு வகை உண்டு. 1895 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடக்குப் பகுதி அணிகள் கூடித் தனியே பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த வீரர்களுக்கு, ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டிப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பிரிந்து வந்தவர்களின் ஆட்டமே இன்றைய ரக்பி லீக். இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை மட்டும்:

1. அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னே கொண்டுபோக ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும்.

2. எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை. இன்று அதற்கு 4 புள்ளி, 1966-இல் 3. ட்ரைக்குப் பிந்தைய உதைக்கும் பெனால்டி கோலுக்கும் அன்றும் இன்றும் 2. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோலுக்கு அன்று 2 புள்ளி.

3. பந்து வைத்திருப்பவரை மடக்கிப் பிடித்துவிட்டால் (இதுதான் டேக்கிள்), அவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்ட வேண்டும். இதற்குப் பெயர் பிளே-த-பால். அதுவரை தற்காப்பு அணி குறிப்பிட்ட தூரம் பின்வாங்கி நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நின்று தலையிட்டால் ஆஃப்சைடு, தண்டனை பெனால்டி.

4. பெனால்டி கிடைத்த அணி கோலுக்கு உதைக்கலாம். கோல் எட்டாத தூரம் என்றால், பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து இடத்தைப் பிடிக்கலாம். முப்பது நாற்பது கஜம் ஒரே உதையில் முன்னேறலாம்.

நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது. பந்து பக்கக்கோட்டைத் தாண்டியபின் என்ன?

1966-இல் இருந்த இரண்டு விதிகள்

முதல் விதி: எத்தனை முறை மடக்கினாலும் பந்து அதே அணியிடமே இருக்கும். எண்ணிக்கை வரம்பே கிடையாது. பிளே-த-பாலில் எதிரே நிற்பவர் காலால் பந்தைத் தட்டிப் பறிக்க முயலலாம். ஆனால் அது கைகூடுவது அபூர்வம். பந்தைக் கீழே விடாத முன்வரிசை வீரர்கள் இருந்தால், ஓர் அணி நிமிடக்கணக்கில் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஐந்து ஐந்து கஜமாக ஊர்ந்து போகலாம். முன்னிலையில் இருக்கும் அணிக்கு இதைவிடச் சுகமான விதி வேறு இல்லை. கபடியில் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அதே கதைதான்.

இரண்டாம் விதி: பெனால்டி உதை பக்கக்கோட்டைத் தாண்டினால், ஆட்டம் ஸ்க்ரமில் தொடங்கும், அதாவது இரு அணியின் முன்வரிசையும் முட்டிக்கொண்டு பந்துக்குப் போட்டியிடும்.

இந்த இரண்டாம் விதி ஒரு பழைய மிச்சம். பழைய ரக்பியில் பந்து வெளியே போனால் இரு அணியும் வரிசையாக நின்று, உள்ளே எறியப்படும் பந்துக்காக எம்பும். லைன்-அவுட் என்பது அது. லீக்காகப் பிரிந்தவர்கள் 1897-இலேயே லைன்-அவுட்டை ஒழித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இடத்துக்கு ஸ்க்ரம் வந்து உட்கார்ந்தது. பந்து வெளியே போனால் ஸ்க்ரம் என்பது பொதுவிதி. அது பெனால்டிக்கும் பொருந்தியது. தவறிழைத்த அணிக்கும் பந்தைப் பறிக்கச் சம வாய்ப்பு கிடைக்கிறதே என்பது பல காலம் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. ஸ்க்ரமில் பந்தைக் காலால் இழுக்கும் ஹூக்கர்கள் இரு பக்கமும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

ஹூக்கர் இல்லாத விகன்

ஸ்க்ரம் என்பது இரு அணியிலிருந்தும் ஆறு ஆறு முன்வரிசை வீரர்கள் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டிக்கொள்ளும் அமைப்பு. முன்னால் மூன்று பேர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர். முன்னால் உள்ள மூவரில் நடுவில் இருப்பவர்தான் ஹூக்கர். இரு பக்கமும் உள்ள ப்ராப் வீரர்களின் தோள்மீது கைகளைப் போட்டுத் தொங்குவதுபோல் நிற்பார். அதனால் அவர் கால்கள் விடுபட்டிருக்கும். பந்து உள்ளே வந்ததும் காலை வீசிப் பந்தைக் கொக்கிபோட்டு இழுத்துப் பின்னே தள்ளுவது அவர் வேலை.

இன்றைய ரசிகருக்கு இது புரிவது கடினம். இன்றைய லீக் ஸ்க்ரமில் பந்து யாருக்கு என்பது முன்னமே முடிவானது. முட்டித் தள்ளுவது பெயரளவுக்கு. கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் சூப்பர் லீக் ஸ்க்ரமையே சில காலம் நிறுத்தி வைத்தது, ஆட்டம் பெரிதாக மாறிவிடவில்லை. 1966-இல் நிலைமை வேறு. ஓர் ஆட்டத்தில் பல பத்து ஸ்க்ரம்கள் நடக்கும். ஒவ்வொன்றும் உண்மையான போட்டி. பந்து உள்ளே விழும் நொடியில் ஹூக்கரின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அரை நொடி முன்னே காலை வீசினால் நடுவர் பிடிப்பாரா, பந்து போடும் ஸ்க்ரம்-ஹாஃப் என்ன சைகை தருகிறார் என்று நுணுக்கங்கள் ஏராளம். உடல் பலம் இருக்கிறதே என்று வேறொருவரை அந்த இடத்தில் நிறுத்தினால் தேறாது.

விகனின் வழக்கமான ஹூக்கர் கோலின் கிளார்க் தடை காரணமாக அந்த இறுதிப்போட்டியில் ஆட முடியவில்லை. செயின்ட் ஹெலன்ஸ் பக்கத்து ஹூக்கர் பில் சேயர். அனுபவஸ்தர்; அதோடு விகன் அணிக்காகவே முன்பு வெம்ப்லி இறுதிப்போட்டிகளில் ஆடியவர். விகனின் முன்வரிசை எப்படிக் குனியும், எப்படித் தள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர்தான். செயின்ட் ஹெலன்ஸ் கண்ணாடித் தொழில் ஊர், விகன் நிலக்கரியும் பருத்தி ஆலையும். அடுத்த ஊர் அணியில் யார் ஆடுகிறார், யார் தடையில் இருக்கிறார் என்பது தேநீர்க் கடைப் பேச்சாகவே இருக்கும். ஆகவே செயின்ட் ஹெலன்ஸின் உத்தி மைதானத்தில் இறங்கிய பிறகு தோன்றிய யோசனையாக இருந்திருக்க வழியில்லை. அணித்தலைவர் அலெக்ஸ் மர்ஃபியின் கூர்மையான விதியறிவு அந்தக் காலத்திலேயே பேர்போனது.

கணக்கு எப்படி வேலை செய்தது

விகனிடம் பந்து இருக்கிறது, அதுவும் தன் பாதிக்குள் என்று வைத்துக்கொள்வோம். செயின்ட் ஹெலன்ஸுக்கு இரண்டு வழிகள்.

விதிப்படி பின்வாங்கி நின்று மடக்கிக்கொண்டே இருப்பது முதல் வழி. டேக்கிள் வரம்பு இல்லாததால், விகன் தவறு செய்யும்வரை பந்து திரும்பாது. பில்லி பாஸ்டன், எரிக் ஆஷ்டன் போன்ற விகன் வீரர்கள் கையில் பந்து போய்க்கொண்டே இருக்கும்.

அல்லது, வேண்டுமென்றே ஆஃப்சைடில் நிற்பது. அப்போது நடப்பது இது:

1. நடுவர் விகனுக்குப் பெனால்டி கொடுக்கிறார்.

2. கோல் எட்டாத தூரம். ஆகவே விகன் பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து முப்பது, நாற்பது கஜம் முன்னேறுகிறது.

3. அங்கே ஸ்க்ரம். கிளார்க் இல்லை; சேயர் பந்தைக் கொக்கிபோடுகிறார்.

4. இப்போது பந்து செயின்ட் ஹெலன்ஸிடம். அவர்களுக்கும் டேக்கிள் வரம்பு கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கொடுத்தது கொஞ்சம் நிலம், வாங்கியது பந்து. வரம்பில்லாத டேக்கிள் ஆட்டத்தில் நிலத்தைவிடப் பந்துக்கு விலை அதிகம். பந்து கையில் இருந்தால் இழந்த நிலத்தை நடந்தே மீட்கலாம்.

இந்த உத்திக்கு ஒரு நிபந்தனை உண்டு, பலரும் கவனிக்காமல் விடுவது. எந்த இடத்தில் தவறு செய்வது என்பதே எல்லாம். தன் கோல் கோட்டுக்கு அருகே ஆஃப்சைடில் நின்றால், எதிரணி நேரே கோலுக்கு உதைத்து 2 புள்ளி எடுத்துவிடும். ஆகவே எதிரணி அதன் பாதியில் இருக்கும்போது மட்டுமே இந்தத் தவறு லாபம். விகன் அந்த நாள் முழுவதும் எடுத்தது லாரி கில்ஃபெட்டரின் ஒரே ஒரு கோல், 2 புள்ளி. பெனால்டிகள் எவ்வளவு பயனற்ற இடங்களில் கிடைத்தன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

விகன் என்ன செய்திருக்கலாம்?

பின்னாலிருந்து பார்த்துச் சொல்வது எளிது. இருந்தாலும் காகிதத்தில் வழிகள் இருந்தன. பக்கக்கோட்டுக்கு வெளியே உதைக்காமல், உயரமாக உள்ளேயே உதைத்து ஓடிப் பிடிக்க முயன்றிருக்கலாம். ஸ்க்ரம் வராது, ஆனால் பந்து எதிரணியின் பின்வரிசை வீரர் கையில் போய் விழ நல்ல வாய்ப்பு உண்டு, அதாவது ஸ்க்ரமில் இழப்பதைச் சற்றுத் தொலைவில் இழப்பது. நெடுந்தொலைவிலிருந்து கோலுக்கே உதைத்திருக்கலாம். அதற்கு அசாத்தியமான கால் வேண்டும், அது எதிரணியிடம் இருந்தது: தென்னாப்பிரிக்கரான லென் கில்லீன். மிக நீண்ட தூரத்திலிருந்து பெனால்டி கோல் அடித்து அந்த நாளில் அரங்கை வாய்பிளக்க வைத்தவர் அவர்.

நடுவரும் கையைப் பிசைய வேண்டிய நிலைதான். இன்று இருப்பதுபோல் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் சின்-பின் அப்போது கிடையாது. இங்கிலாந்தில் அது 1980களில்தான் வந்தது. எச்சரிக்கலாம், அல்லது ஒரேயடியாக வெளியேற்றலாம். ஆஃப்சைடுக்காக ஒருவரை வெம்ப்லி இறுதிப்போட்டியிலிருந்து வெளியேற்ற எந்த நடுவருக்கு மனம் வரும்?

புள்ளிப் பட்டியல்

செயின்ட் ஹெலன்ஸின் 21 புள்ளிகள்: கில்லீன், ஜான் மேண்டில், டாமி பிஷப் ஆளுக்கொரு ட்ரை, 9. கில்லீனின் 5 கோல்கள், 10. மர்ஃபியின் டிராப் கோல், 2. ஆட்டநாயகனுக்கான லான்ஸ் டாட் கோப்பை கில்லீனுக்கு. ஒரு வாரம் கழித்து சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியிலும் ஹாலிஃபாக்ஸை 35–12 என்று வென்று, அந்தப் பருவத்தில் நான்கு கோப்பைகளை அந்த அணி சேர்த்தது. வெறும் தந்திரத்தால் வென்ற அணி என்று ஒதுக்க முடியாது. உத்தி இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. 19 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

இந்த இரு அணிகளும் சேலஞ்ச் கோப்பை இறுதியில் ஆறு முறை சந்தித்திருக்கின்றன. 1961, 1966, 2004 செயின்ட் ஹெலன்ஸ். 1989, 1991, 2002 விகன். ஆளுக்கு மூன்று.

பிறகு மாறியவை

ஓட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த பிறகு அடைப்புகள் வந்தன. மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ஆட்டம்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகிவிடும். வரம்பில்லாத டேக்கிள்மீது அதிருப்தி முன்பே இருந்தது. ஆஸ்திரேலியாவில் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் சிட்னி கோப்பையை வென்றதும் அதை வளர்த்தது.

முதலாவது, பெனால்டியில் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்தால் இனி ஸ்க்ரம் இல்லை. உதைத்த அணியே, பந்து வெளியேறிய இடத்துக்கு நேராகச் சற்று உள்ளே வந்து, பந்தைக் காலால் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும். நிலமும் பந்தும் இரண்டும் அவர்களுக்கே. செயின்ட் ஹெலன்ஸின் கணக்கு இந்த ஒரு வரியில் செத்தது. மூன்றாம் படியை எடுத்துவிட்டால் நான்காம் படி வராது.

இரண்டாவது, டேக்கிள் வரம்பு. 1966 முடிவதற்குள்ளேயே நான்கு டேக்கிள் விதி வந்தது: நான்காவது முறை மடக்கியதும் ஸ்க்ரம். நான்கு என்பது மிகக் குறைவு. நிதானமாக ஆட்டத்தைக் கட்டமைக்க இடமில்லை, பந்து அங்குமிங்கும் பறந்தது. 1970களின் தொடக்கத்தில் அது ஆறானது. 1983-இல், ஆறாவது டேக்கிளுக்குப் பிறகு ஸ்க்ரம் என்பதும் போய், பந்தை நேரே எதிரணியிடம் ஒப்படைப்பது என்று ஆனது. தொடக்கத்தில் கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் விடை. ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் உதைக்கிறார்கள்; எப்படியும் இழக்கப்போகிற பந்தை, முடிந்தவரை எதிரணியின் கோல் கோட்டுக்கு அருகே இழப்பதற்காக.

"மறுபடியும் ஆறு": அதே ஓட்டை, வேறு வடிவில்

2020-இல் ஆஸ்திரேலிய என்.ஆர்.எல். போட்டியிலும், பிறகு சூப்பர் லீக்கிலும் புதிய விதி வந்தது. மடக்கியவர்கள் கீழே கிடப்பவரை வேண்டுமென்றே அழுத்திப் பிடித்து பிளே-த-பாலைத் தாமதப்படுத்தினால், ஆட்டத்தை நிறுத்திப் பெனால்டி கொடுப்பதற்குப் பதிலாக டேக்கிள் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குவது. ஆட்டம் வேகமாகும் என்பது நோக்கம். 2021-இல் என்.ஆர்.எல். அதை 10 மீட்டர் ஆஃப்சைடுக்கும் நீட்டித்தது.

பயிற்சியாளர்கள் உடனே கணக்குப் போட்டார்கள். ஐந்தாவது டேக்கிளில் தவறு செய்தால் எதிரணிக்கு ஐந்து டேக்கிள் கூடுதலாகக் கிடைக்கும், பெரிய நஷ்டம். முதல் டேக்கிளிலேயே செய்தால்? கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. பதிலுக்கு, தற்காப்பு அணிக்குச் சில நொடி கிடைக்கிறது. வரிசை ஒழுங்காகிவிடுகிறது, எதிரணி தன் கோட்டுக்கு அருகிலேயே முடங்குகிறது. ஒரு டேக்கிள் கொடுத்து நாற்பது மீட்டரைத் தடுப்பது மலிவான பேரம். எதிரணி தன் பாதியின் ஆழத்தில் இருக்கும்போது, கோலுக்கு உதைக்க முடியாத இடத்தில் தவறு செய். 1966-இல் மர்ஃபியின் ஆட்கள் செய்ததும் இதுதான்.

என்.ஆர்.எல். 2022-இல் போட்ட அடைப்பும் இடத்தைக் குறிவைத்தே போடப்பட்டது. பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டர் கோட்டுக்குள் இருக்கும்போது இந்தத் தவறுகள் நடந்தால் "மறுபடியும் ஆறு" கிடையாது, முழுப் பெனால்டி. அங்கே முழுப் பெனால்டி என்றால், பக்கக்கோட்டுக்கு வெளியே ஒரு நீண்ட உதை, பிறகு அதே அணியே காலால் தட்டித் தொடங்கும் புதிய ஆறு டேக்கிள். 40 மீட்டரைத் தாண்டியபின் எண்ணிக்கை மட்டும் திரும்பியது. ஒரே தவறுக்கு இரு தண்டனை என்ற இரண்டாம் கேள்விக்கு இது பதில்: தண்டனையை நிர்ணயிப்பது தவறின் கனமல்ல, அது நடந்த இடம்.

ஆகவே அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, நடுவர் கை உயர்ந்ததும் திரையின் மூலையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: எத்தனையாவது டேக்கிள், பந்து எந்தக் கோட்டில். முதல் இரண்டு டேக்கிள்களில், முழுப் பெனால்டி எல்லைக்குச் சற்று அப்பால் தவறு திரும்பத் திரும்ப நடந்தால் அது கவனக்குறைவு அல்ல. நடுவர் அணித்தலைவரைக் கூப்பிட்டு எச்சரிக்கப்போகிறார். அதற்கடுத்த தவறுக்கு யாராவது ஒருவர் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டியிருக்கும்.